நாலாவது எலுமிச்சம்பழம்

நிலவுக்கு ஆள் அனுப்புகிற இடத்தில் எலுமிச்சம்பழத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், தேரிக்காட்டு ஏவுதளத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். புது ஸ்கூட்டருக்குப் பழம் வைக்கிறோம். புது லாரிக்கு வைக்கிறோம். இருபது மாடி உயர ராக்கெட்டை நிமிர்த்தி வைத்துச் சுமந்துபோகிற வண்டிக்கு மட்டும் வைக்காமல் விட்டால் அந்த வண்டி என்ன நினைத்துக்கொள்ளும்?

அன்று காலையும் வைத்தார்கள். வண்டிக்குப் பொறுப்பாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி. சக்கரங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நாலு மூலைச் சக்கரங்களுக்கு முன்னால் நாலு பழத்தை வைத்துவிட்டு, “சும்மா ஒரு ஜாலிக்குத்தாம்டே” என்று எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னார். வண்டி நகர்ந்தது. சப், சப், சப் என்று மூன்று பழங்கள் நசுங்கின. வண்டி கடந்துபோன பிறகு பார்த்தால், செம்மண் படிந்த சிமெண்டுப் பாதையில், பின்மூலைச் சக்கரம் ஒன்றுக்கு வைத்த நாலாவது பழம் முழுசாக, மஞ்சளாக, ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

“ஒண்ணு தப்பிச்சிட்டுடே!” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே பொறியாளராக இருக்கும் பொன்னிசக்கியும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் அவளுக்கு அடிவயிறு ஜில்லென்றது. மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது.

மனப்பட்டை என்பது அதன் முழுப்பெயர். முன்பெல்லாம் பட்டை போடுவது என்றால் நெற்றியில் திருநீறு. இப்போது மணிக்கட்டில். ஏவுதளத்தை நடத்தும் நெடுவான் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர் எவரும் அதைக் கட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது. மனதில் ஓர் உணர்ச்சி எழுந்தால் பட்டை அதற்குப் பெயர் சொல்லும், காரணம் சொல்லும், அந்தக் காரணத்துக்கு அந்த உணர்ச்சி தகுமா தகாதா என்று தீர்ப்பும் சொல்லும். தகும் என்றால் பச்சை. தகாது என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் பக்கத்திலேயே ‘ஆற்று’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் நரம்பு வழியாக என்னவோ செய்து, டீக்கடைக்காரர் டீயை ஆற்றுகிற மாதிரி உணர்ச்சியை ஆற்றிக் கொடுத்துவிடும். பொய் சொல்லக் கூடாது, பட்டையால் நல்லதும் நடந்தது. பரீட்சை பயத்தில் வாந்தி எடுத்த பிள்ளைகள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனார்கள். சாலையில் சட்டையைப் பிடிக்க வந்தவர்கள் பாதியில் பொத்தானை அழுத்திவிட்டு, “சரி, போங்க சார்” என்று விலகினார்கள்.

பொன்னிசக்கி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பட்டையைப் பார்த்தாள். ‘பயம். காரணம்: மூடநம்பிக்கை. தகாது.’

படித்தவளுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? யாரும் பார்க்குமுன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. இன்றைக்கு ஒரு நாள் அதைத் தொடுவதில்லை என்று விடியும்போதே முடிவு செய்திருந்தாள்.

அந்த முடிவுக்குக் காரணம் அவள் தங்கை சந்தனமாரி. இன்று மதியம் அந்த ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்து நிலவைச் சுற்றிவரப் போகிற மூன்று பேரில் மாரியும் ஒருத்தி. அந்த இருக்கைக்கு அக்கா, தங்கை இருவரும் சேர்ந்துதான் மனுப் போட்டார்கள். பரீட்சையில் அக்காவுக்குத்தான் மதிப்பெண் கூட. ஆனால் பட்டையின் கணக்கில் அக்காவுக்குச் சிவப்பு நிறைய. தங்கைக்கு ஏறக்குறைய எல்லாம் பச்சை. நிறுவனம் பச்சையைத் தேர்ந்தெடுத்தது. பொன்னிசக்கி தங்கையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டு மேசையில் மாரி பயிற்சிக் கதைகளை அளக்கும்போதெல்லாம், மேசைக்கு அடியில் கையை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பொறாமை, தகாது. அழுத்து. பொறாமை, தகாது. அழுத்து. இரண்டு வருடம் இந்தப் பிழைப்பு. மாரி போகிற அந்த ஒரு நாளாவது தன் பொறாமையை ஆற்றாமல், சூடாகவே குடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதால் முடிந்தது.

மதியம் கட்டுப்பாட்டு அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. திரையில் கடற்கரை முழுக்கத் தலைகள். நாலு மாவட்டத்துப் பேருந்துகள் வரிசை கட்டி நின்றன. மீன்பிடிப் படகுகள் அனுமதிக்கப்பட்ட எல்லை வரை வந்து, கொடி கட்டி, குழந்தை குட்டிகளோடு காத்திருந்தன. மதுரையிலிருந்து வந்த ஒரு கும்பல் மேளமே கொண்டுவந்திருந்தது.

“யக்கா, கேக்குதா?” ஒலிபெருக்கியில் மாரியின் குரல் துள்ளியது. “இங்கன மேலேருந்து பாத்தா கடல் எப்படி இருக்கு தெரியுமா? திரும்பி வந்ததும் சொல்லுதேன். இல்ல, சொல்ல மாட்டேன். நீயே வந்து பாத்துக்கோ!”

அறை சிரித்தது. பொன்னிசக்கியும் சேர்ந்து சிரித்தாள். சந்தோஷம் இருந்தது, நிஜமான சந்தோஷம், கத்தலாம்போல் இருந்தது. பொறாமையும் இருந்தது. இரண்டுக்கும் கீழே, காலையில் வந்த ஜில்லிப்பும் அப்படியே இருந்தது. போகப் போக அது கூடிக்கொண்டே வந்தது.

அவள் வேலை நாலு பிடிகளைப் பார்த்துக்கொள்வது. ராக்கெட்டின் அடியை வண்டியின் முதுகில் உள்ள மேடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும் நாலு இரும்புக் கைகள் அவை. அந்த வண்டியே கடைசிவரை அடியில் நிற்கும் ஏவுமேடை என்பதால், வரும் வழியிலும் அவைதான் பிடித்திருக்கும். தீப்பற்றி விசை ஏறியதும் நாலும் ஒரே கணத்தில் விட வேண்டும். மூன்று விட்டு ஒன்று பிடிவாதம் பிடித்தால் ராக்கெட் ஒரு பக்கமாகச் சாயும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் திரையில் நாலும் பச்சை. மறுபடி பார்த்தாள். பச்சை.

“என்னாச்சு பொன்னி? மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது?” பக்கத்து இருக்கை ஹமீதா கேட்டாள். எரிபொருளைப் பார்த்துக்கொள்பவள், பத்து வருடத் தோழி.

“பயமா வருது ஹமீதா.”

“பட்டை என்ன சொல்லுது?”

பொன்னிசக்கி கையைத் திருப்பிக் காட்டினாள். ‘பயணத்தை நிறுத்தும் விருப்பம். காரணம்: பொறாமை. தகாது.’ காலையில் மூடநம்பிக்கை என்ற பட்டை, இரண்டு வருடத்துப் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து இப்போது காரணத்தை மாற்றிவிட்டிருந்தது. ஹமீதா அவள் தோளைத் தொட்டாள். அந்தத் தொடுகை பொன்னிசக்கிக்கு இன்னும் வலித்தது.

நிறுத்தச் சொல்லும் உரிமை அந்த அறையில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பட்டை சிவப்பாக இருந்தால் இயக்குநரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவள் எழுந்து இயக்குநர் ஜெபத்துரையிடம் போனாள்.

“சார், கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா?”

“எதுக்கும்மா? பிடியில எதுவும் கோளாறா?”

“எல்லாம் பச்சைதான் சார். பயம் வருது.”

“வாரதுக்கு அது என்ன விருந்தாளியா?” ஜெபத்துரை கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “பிள்ளைகள்ட்ட பயப்படாதேன்னு சொல்லுதோம்லா? நம்ம கையில இல்லாத ஒண்ணை எவனாவது செய்யாதேன்னு சொல்லுவானா? தும்மாதேன்னு சொல்லுதோமா? பயம் கொஞ்சமாவது நம்ம கையில இருக்கிற விஷயம்மா.”

“நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சார், பயப்படாதேன்னு சொன்னதும் எந்தப் பிள்ளைக்குப் பயம் போயிருக்கு? ‘யாரைப் பாத்து பயந்தே?’ன்னு கேட்டா கொஞ்சம் போகும்.”

அவர் தன் திரையைப் பார்த்தார். அறையில் உள்ள எல்லோர் பட்டையும் அதில் தெரியும். பொன்னிசக்கியின் பெயர் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

“பொறாமைன்னு போட்டிருக்கேம்மா,” என்றார்.

அவர் சட்டையில் குத்தியிருந்த ஒலிவாங்கி திறந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அது அறை முழுக்கக் கேட்டது. மேலே, ராக்கெட்டின் உச்சியிலும் கேட்டது. பிறகு மாரியின் குரல் மெல்ல வந்தது.

“யக்கா? பொறாமையா? உனக்கா?”

பொன்னிசக்கிக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். பொய் வரவில்லை.

“ஆமாட்டி,” என்றாள். “பொறாமைதான். அது வேற. இந்தப் பயம் வேற.”

“எப்படி வேறன்னு சொல்லுத?” ஜெபத்துரை கேட்டார். “நீ ஆசைப்பட்ட இடத்துல உன் தங்கச்சி உக்காந்திருக்கா. இப்பம் நிறுத்தணும்னு உனக்குத் தோணுது. வெளியில இருந்து பாக்கிறவன் என்ன நினைப்பான்? நீயே சொல்லு.”

அவரே ஒரு வழி சொன்னார். “நியாயமா ஒண்ணு செய்வோம். பொத்தானை அழுத்து. மனசு ஆறட்டும். ஆறினப்புறமும் நிறுத்தணும்னு தோணிச்சுன்னா சொல்லு, மறு பேச்சில்லாம நிறுத்துதேன்.”

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பொன்னிசக்கியின் விரல்கூடப் பொத்தான் வரை போய்விட்டது. அங்கேயே நின்றது.

“ஆறினப்புறம் தோணாது சார். அதுக்குத்தானே அந்தப் பொத்தானையே வச்சிருக்கு. பசியை அடக்குத மாத்திரையை முழுங்கிட்டு வா, அப்புறமும் பசிச்சா சோறு போடுதேங்கிற மாதிரி இருக்கு.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். திரையில் புறப்பாட்டு நேரத்தின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடற்கரையில் மேளம் தொடங்கிவிட்டது. இந்த நேரம் பார்த்துக் கேன்டீன் ஆள் தட்டோடு உள்ளே வந்தார். ஏவுகிற நாளில் மதியம் எல்லோருக்கும் லெமன் ஜூஸ் கொடுப்பது அங்கே வழக்கம். சூழ்நிலை தெரியாமல் தட்டை இயக்குநரின் மேசைமேல் வைத்தார். தம்ளர்களுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் பிழிந்த மூடிகள், அவற்றின்மேல் பிழியாத ஒரு முழுப்பழம்.

பொன்னிசக்கி அந்தப் பழத்தையே பார்த்தாள். காலையில் அடிவயிற்றை ஜில்லிட வைத்தது இதுதான். சகுனம் சரியில்லை என்று பயந்ததாகத்தான் அவளும் நினைத்தாள். பட்டையும் அதையே சொன்னது. சகுனத்தை விடு. பழத்தைப் பார். இத்தனை பாரத்துக்கு அடியில் போன பழம் ஏன் நசுங்கவில்லை?

பயந்தவள் மாதிரி இல்லை, விடுகதைக்கு விடை கண்டுபிடித்த பிள்ளை மாதிரி அவள் குரல் எகிறியது.

“சார்! நான் அழுத்துதேன். நீங்க சொன்னபடியே அழுத்துதேன். அதுக்கு முன்னால அண்ணாச்சிகிட்ட ஒரே ஒரு கேள்வி. அவரு பதில் சொன்னதும் அழுத்துதேன்.” திரும்பி, கடைசி வரிசையில் இருந்த கோமதிநாயகத்தைப் பார்த்தாள். “அண்ணாச்சி, காலையில நாலாவது பழம் ஏன் நசுங்கல?”

“ஏ பொன்னி, பழம் சகுனமெல்லாம் இப்பம்...” என்று ஹமீதா தொடங்கினாள்.

“சகுனத்தைக் கேக்கல. சக்கரத்தைக் கேக்கேன். பழம் உருண்டு விலகிச்சா?”

“இல்ல,” என்றார் கோமதிநாயகம். “வச்ச இடத்துலேயே இருந்துச்சு.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் இறங்கியது. “வச்ச இடத்துலேயே இருந்துச்சு, தாயி. அப்படின்னா சக்கரம் அது மேல ஏறலை. அதைத் தொடவே இல்லை.”

“அண்ணாச்சி, அந்தச் சக்கரத்துல பாரம் இருந்துச்சா?”

“சக்கரத்தைத் தரையில அமுக்குத எண்ணெய் அழுத்தம் சரியாத்தான் காட்டிச்சு...” அவர் எழுந்துவிட்டார். “குழாய் அடைச்சிருந்தாலும் அழுத்தம் அப்படித்தான் காட்டும். பின்மூலைச் சக்கரம் அந்தரத்துல தொங்கிட்டு வந்திருக்கு. அப்போ மேடை அந்த மூலையில முறுக்கியிருக்கும். அந்த மூலையில இருக்கிற பிடி...”

அவர் பட்டை பச்சையாக இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. “நிறுத்து!” என்று கத்தினார்.

எண்கள் நின்றன. கடற்கரையில் ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. மேளம் தடுமாறி ஓய்ந்தது.

எரிபொருள் நிரம்பி நிற்பதால் ஆள் போக முடியாத இடம். சின்னக் கேமரா வண்டியை அனுப்பினார்கள். அது மேடைக்கு அடியில் ஊர்ந்து போனது. மற்ற சக்கரங்கள் எல்லாம் தரையை அழுத்திக்கொண்டு நிற்க, அந்த மூலைச் சக்கரம் மட்டும் ஒரு பழம் புகுந்து வரும் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. கேமரா நிமிர்ந்தது. நாலாவது பிடியின் கழுத்தில் தலைமுடிபோல் ஒரு விரிசல். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற கருவிக்கு விரிசல் எங்கே தெரியும்? முதல் கோணல் முற்றும் கோணல் என்று கோமதிநாயகம் முணுமுணுத்தார். தீப்பற்றிய பிறகு அந்தப் பிடி விட்டிருக்காது.

ஜெபத்துரை தன் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“ஒரு விஷயம் எனக்குப் புரியணும்,” என்றார். “காலையில வண்டி பக்கத்துல எத்தனையோ பேர் நின்னோம். நானும் நின்னேன். அந்தப் பழத்தைப் பாத்ததும் எனக்கும் வயித்துல என்னவோ செஞ்சுது. பட்டை மூடநம்பிக்கைன்னு சொல்லிச்சு. வெட்கமா இருந்துச்சு, அழுத்திட்டேன்.” நிறுத்தி, அறையைச் சுற்றிப் பார்த்தார். “வேற யாராவது அழுத்தினீங்களா?”

ஹமீதா கையைத் தூக்கினாள். கோமதிநாயகம் தூக்கினார். முன்வரிசையில் ஒரு கை, பின்வரிசையில் இரண்டு கைகள். காலையில் அங்கே நின்று சிரித்த அத்தனை பேரின் கைகளும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துத் திகைத்தார்கள். தான் ஒருவர்தான் கோழை என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள்.

“சக்கரத்துலேயே டாக்டர் பட்டம் வாங்கினவன் நான்,” என்றார் கோமதிநாயகம். “கொஞ்ச நேரம் அந்தப் பயத்தோட நின்னிருந்தா நானே யோசிச்சிருப்பேன். ஆத்திட்டேன். ஆத்தினதும் பழமே மறந்துபோச்சு.”

“நீ மட்டும் ஏம்மா அழுத்தல?” என்றார் ஜெபத்துரை.

வீரம், பொறுப்பு, உள்ளுணர்வு என்று அழகான பதில்கள் இருந்தன. எல்லோரும் அதில் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். ஒலிவாங்கி இன்னும் திறந்திருப்பது பொன்னிசக்கிக்கு இப்போது தெரியும்.

“பொறாமைக்காகத்தான் சார்,” என்றாள். “ரெண்டு வருஷமா தினம் அமுக்கி அமுக்கி வச்சேன். அவ போற அன்னைக்காவது அதை முழுசா அனுபவிக்கணும்னு நினைச்சேன். அந்தப் பொத்தான் ஒண்ணை மட்டும் ஆத்தாது, சிவப்பா உள்ள எல்லாத்தையும் சேத்து ஆத்திரும். பொறாமையை விட மனசு கேக்கல. அதான் பயமும் தங்கிட்டு.”

ஒலிபெருக்கி கரகரத்தது.

“யக்கா,” என்றாள் மாரி. அழுகிறாள் என்பது தெரிந்தது. “எனக்கு இந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லியே? உன் இடத்தைப் பறிச்சிட்டோமேன்னு தினம் காலையில நெஞ்சைப் பிசையும். குற்ற உணர்ச்சி, தகாதுன்னு பட்டை சொல்லும். நானும் மேசைக்கு அடியில கையை வச்சு அழுத்துவேன். பயிற்சிக் கதையை விடாம அளந்தது அதை மறைக்கத்தான்.”

ஒரே மேசை, ஒரே இட்லி, அக்கா கை இந்தப் பக்கம், தங்கை கை அந்தப் பக்கம். பொன்னிசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பட்டை எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சக்கரத்தைச் சரிசெய்து, பிடியை மாற்ற மூன்று வாரம் ஆனது. பட்டையைச் செய்கிற நிறுவனத்துக்காரர்கள் வந்து என்னவெல்லாமோ கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். ஏவுகிற அன்று பட்டையை எல்லோரும் கட்டலாம், பொத்தானை யாரும் அழுத்தக் கூடாது என்று ஜெபத்துரை உத்தரவு போட்டார். காலையில் கோமதிநாயகம் நாலு பழம் வைத்தார். இந்தத் தடவை ‘ஜாலிக்கு’ என்று சொல்லவில்லை. வண்டி கடந்ததும் இயக்குநரே குனிந்து ஒவ்வொரு பழத்தையும் பார்த்தார். நாலும் சக்கை.

மதியம் மறுபடி அதே கூட்டம், அதே படகுகள், அதே மதுரை மேளம். கட்டுப்பாட்டு அறையில் எல்லோர் பட்டையும் கன்னாபின்னாவென்று எரிந்தது. ஹமீதா நகத்தைக் கடித்தாள். கோமதிநாயகம் வாய்விட்டே முருகனைக் கூப்பிட்டார். ஜெபத்துரையின் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் கலந்து கார்த்திகை விளக்கு வரிசைபோல் இருந்தது.

“யக்கா,” என்றாள் மாரி மேலேயிருந்து. “வயிறு எரியுதா?”

“எரியுதுட்டி. நல்லா எரியுது.”

“நல்லா எரி. நீ அங்கன வயிறெரி, நான் இங்கன இதை எரிக்கேன். போயிட்டு வாரேன்.”

பத்து, ஒன்பது என்று அறையே சேர்ந்து எண்ணியது. தீ பற்றியது. நாலு பிடிகளும் ஒரே கணத்தில் கையை விட்டன. தரை நடுங்கியது, சன்னல்கள் நடுங்கின, தேரிக்காட்டுச் செம்மண் எல்லாம் எழுந்து வானத்தைப் பார்த்தது. பொன்னிசக்கி நாற்காலிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. நெருப்புப் பொட்டு மேகத்துக்குள் நுழைந்து மறைகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. ‘பொறாமை. தகாது.’

“தகாமலே இருந்துட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பயணத்துக்கு எப்போது மனுப் போடலாம் என்று ஹமீதாவைக் கேட்டாள்.